போர் நினைவுக்கு எது தகும்: கல்லா, வீடா?

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்ததும் பிரிட்டனில் ஊருக்கு ஊர் ஒரே வாக்குவாதம் கிளம்பியது. இறந்தவர்கள் நினைவாக எதை எழுப்புவது? ஊர் நடுவே தூணோ சிலுவையோ வேண்டும் என்றது ஒரு தரப்பு. கால் போய், கண் போய்த் திரும்பியவன் ஒதுங்க இடமில்லாமல் நிற்கும்போது தூண் யாருக்கு, அந்தப் பணத்தில் வீடோ மருத்துவமனையோ கட்டுங்கள் என்றது இன்னொரு தரப்பு. நகரச் சீரமைப்புக்கு வரும் பணத்தைப் பங்கிட உட்காரும் நகர மன்றங்களில் இந்த வாதத்தை இன்றும் கேட்கலாம். நூறாண்டு அனுபவம் கையில் இருப்பதால், இரண்டையும் உரசிப் பார்ப்பது இப்போது எளிது.

முதலில் கல். வீடு, மருத்துவமனை என்று பயன் பேசியவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. பிள்ளை பிரான்சிலோ துருக்கியின் கலிப்போலியிலோ புதைந்து கிடந்தான்; பலருக்கு அடையாளம் தெரிந்த குழிகூட இல்லை. கூலி வேலை செய்யும் தாய் கடல் தாண்டிப் போய்ப் பூ வைப்பது நடக்கிற காரியமா? தெருமுனையில் அவன் பெயர் வெட்டிய கல்தான் அவளுக்குக் கல்லறை. லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் தெருவில் 1919 ஜூலை வெற்றி அணிவகுப்புக்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் மரத்தாலும் சுண்ணச் சாந்தாலும் அமைத்த செனோடாஃப் என்ற நினைவுத் தூண் தற்காலிகமானதுதான். மக்கள் அதன் அடியில் மலர்களைக் குவித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அதே இடத்தில், அதே வடிவில், போர்ட்லண்ட் கல்லில் நிரந்தரமாகக் கட்டி 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள்.

கல்லுக்கு இன்னொரு பலம், செலவு குறைவு. இந்தச் சின்னங்கள் பெரும்பாலும் ஊர் நன்கொடையில் எழுந்தவை. பராமரிப்புக்கு உள்ளாட்சிகள் வரிப்பணத்தைத் தொட 1923இல் தனிச் சட்டமே வந்தது. கழுவி, எழுத்தைப் புதுப்பித்தால் போதும். வாடகை பாக்கியில்லை, கூரை ஒழுகுவதில்லை.

எல்லாக் கல்லும் ஒரே கல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு உட்பட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அதே போருக்குச் சிறு பளிங்குப் பலகைகள் பதித்தார்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் நீத்தவர்கள் இத்தனை பேர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண் உண்டு, பெயர் இல்லை. இங்கிலாந்துக் கிராமத்தில் கடைசிச் சிப்பாய் வரை பெயர் வெட்டிய பேரரசு, இங்கே தலை எண்ணிவிட்டுப் போய்விட்டது.

இனி வீடு. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஸ்டர். நிலவடிவமைப்பாளர் தாமஸ் மாசன் போரில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். ஊனமுற்ற வீரர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று போர் முடிவதற்கு முன்பே எழுதி வாதாடினார். ஹெர்பர்ட் ஸ்டோரி நிலம் கொடுத்தார். வெஸ்ட்ஃபீல்ட் நினைவுக் கிராமம் உருவாகி, 1924 நவம்பரில் தளபதி ஹெய்க் அதைத் திறந்துவைத்தார். வீடுகளுக்குப் போர்க்களங்களின் பெயர், படைப்பிரிவுகளின் பெயர், நன்கொடையாளர்களின் பெயர். நடுவில் ஜென்னி டெலஹன்ட் செய்த சிலை: காயம்பட்ட தோழனுக்கு ஒரு சிப்பாய் தண்ணீர் புகட்டுகிறான். கையில் வாளுமில்லை, காலடியில் எதிரியுமில்லை. வீடு கேட்டவர்களும் கல்லை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே லங்காஸ்டரில் நகர மன்றக் கட்டடத்தை ஒட்டிப் பெயர்ப் பட்டியலோடு நினைவுத் தோட்டமும் எழுந்தது. அதுவும் 1924இல், அதுவும் மாசன் நிறுவனத்தின் வடிவமைப்பில். முன்னாள் வீரர்களின் குடும்பங்கள் இன்றும் வெஸ்ட்ஃபீல்டில் வாழ்கின்றன.

வீட்டின் பக்கம் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். வேறு இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பாருங்கள்.

வீரர்கள் வாழத் தகுந்த நாடாக்குவோம் என்று பிரதமர் லாய்ட் ஜார்ஜ் 1918இல் பேசியதன் தொடர்ச்சி, அமைச்சர் ஆடிசன் பெயரால் அறியப்படும் 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். ஐந்து லட்சம் வீடுகள் இலக்கு; சிக்கன நடவடிக்கை என்று 1921இல் கைவைத்ததில் சுமார் 2,13,000 வீடுகளோடு நின்றது. கட்டியவை தரமானவை: நகரத்தில் ஏக்கருக்கு 12 வீட்டுக்கு மேல் கூடாது, தோட்டம் வேண்டும் என்று விதிமுறை பார்த்துக் கட்டினார்கள். ஆனால் வாடகை கட்டுபடியாகாமல் பரம ஏழைகள் வெளியே நின்றார்கள். 1980இல் குடியிருப்போரே வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் பல வீடுகள் தனியார் கைக்குப் போயின. வீடு என்ற அளவில் அது பெரும் வெற்றி. நினைவு என்ற அளவில் வாசலில் ஒரு வரிகூட இல்லை.

லண்டன் ஃபுல்ஹாமில் நாடக அரங்க முதலாளி ஆஸ்வால்ட் ஸ்டோல் 1916இல் ஊனமுற்ற வீரர்களுக்காகத் தொடங்கிய குடியிருப்பு, செல்சி கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்துச் சுவர். அதன் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு விற்க 2023இல் முடிவாயிற்று. வரும் பணத்தில் வேறிடங்களில் புது வீடுகள் தருவோம் என்றது அறக்கட்டளை. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் மனை விலை ஏறினால் நினைவு இடம் மாறும்; வைட்ஹால் தூணை விலை பேச யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே கல்லா வீடா என்று மன்றம் மணிக்கணக்கில் விவாதிப்பது எனக்கு வீண் பேச்சாகப் படுகிறது. கேட்க வேண்டியது வேறு: முப்பது ஆண்டு கழித்துக் கூரை மாற்றப் பணம் யாருடையது? நிலம் யார் பெயரில்? முதல் தலைமுறை வீரர்கள் போனபின் உள்ளே வர யாருக்கு உரிமை? வீட்டுத் தரப்பு மேடையில் உருக்கமாகப் பேசும். இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் வைத்திருக்காது.

எனக்கு ஓட்டு இருந்தால் சிறு பங்கைப் பெயர்க் கல்லுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை நிலத்தைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஓர் ஊர் அறக்கட்டளைக்குக் கொடுப்பேன். விற்கக் கூடாது என்பதையும் பராமரிப்பு நிதியையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்வேன். அப்படி எழுத மன்றம் தயங்கினால் வீடுகளைத் தாராளமாகக் கட்டட்டும், வீடில்லாதவருக்கு அதுவும் நல்லதுதான். நினைவுச் சின்னம் என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்ட வேண்டாம்.