கல்கி 2898 ஏடி: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயது தாண்டிய பிள்ளைக்குத் தாராளமாகக் காட்டலாம். ஏழிலிருந்து பத்துக்குள் என்றால், பெரியவர் ஒருவர் ரிமோட்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏழுக்குக் கீழே வேண்டாம். பயந்துவிடும் என்பதைவிட, மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஒன்றும் புரியாமல் சோபாவில் குட்டிக்கரணம் போடும் என்பதுதான் காரணம்.

2024 ஜூன் 27 அன்று வந்த படம். நாக் அஸ்வின் இயக்கம், சந்தோஷ் நாராயணன் இசை, ஓடும் நேரம் சுமார் 181 நிமிடம். தணிக்கையில் யு/ஏ. அந்த முத்திரைக்குப் பழைய கணக்கில், 12 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்று பொருள். யு/ஏ என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்த முத்திரை நடைமுறைக்கு வந்தது இந்தப் படம் வந்த பிறகு. அதனால் போஸ்டரைப் பார்த்து வயதை முடிவு செய்ய வழியில்லை.

படம் பிள்ளைக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். குருக்ஷேத்திரப் போர்க்களத்தில் கண்ணன் அசுவத்தாமனைச் சபிக்கும் காட்சியில் கதை தொடங்குகிறது. அசுவத்தாமன் யார் என்று தெரியாத பிள்ளைக்கு, பிறகு அசுவத்தாமனாக வரும் எட்டடித் தாத்தா வெறும் சண்டைக்காரர். தெரிந்த பிள்ளைக்குப் படமே வேறு. சேலம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தும் படுகளமும் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், முந்தின நாள் ராத்திரியே அவர்களிடம் இந்தப் பொறுப்பை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடக் கதை போதும். துரோணரின் மகன், நெற்றியில் மணியோடு பிறந்தவன், போர் முடிந்த இரவில், தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றவன், அதோடு நிற்காமல் உத்தரையின் வயிற்றிலிருந்த சிசுவின் மேலும் அஸ்திரத்தை ஏவியவன். கண்ணன் சிசுவைக் காப்பாற்றினார், இவனுக்குச் சாவே இல்லாத சாபம் கொடுத்தார். இவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டால் படத்தின் மிகக் கடினமான பகுதியையும் பாதி தாண்டிவிட்டீர்கள். கி.பி. 2898-இல் கருவுறும் தகுதியுள்ள பெண்களைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் அடைத்து, கருவிலிருந்து சீரம் எடுக்கிறார்கள். தீபிகா படுகோன் அப்படி அடைபட்ட ஒரு பெண்; அங்கே அவருக்குப் பெயரே கிடையாது, எண்தான். ரத்தம் அதிகம் காட்டவில்லை. ஆனாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளை கேள்வி கேட்காமல் விடாது. படத்தை நிறுத்தி உயிரியல் பாடம் எடுக்கத் தேவையில்லை. "வயித்துல இருக்கிற பாப்பாவுக்குக் கெடுதல் பண்றாங்க, அன்னைக்கு ஒரு பாப்பாவைக் கொல்லப் பார்த்த தாத்தாவே இன்னைக்கு இந்தப் பாப்பாவைக் காப்பாத்த வர்றாரு" என்றால் போதும். படத்தின் ஆகச் சிறந்த யோசனையும் அதுதான். பெரியவர்களில் பலர் சண்டைச் சத்தத்தில் இதைத் தவறவிட்டார்கள்.

பயம் என்று பார்த்தால் வில்லன் யாஸ்கின். கமல்ஹாசன் வற்றிச் சுருங்கிய உடலோடு, குழாய்கள் செருகிய நிலையில் வருகிறார். கொஞ்ச நேரம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் கனவில் வரக்கூடிய உருவம். கமல் வருகிறார் என்று முன்கூட்டியே ஆசை காட்டாதீர்கள். படம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும்.

காசி, காம்ப்ளக்ஸ் இரண்டும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கங்கை வற்றிக் கிடக்கிறது, தண்ணீரும் பச்சையும் எல்லாம் தலைக்கு மேலே தொங்கும் காம்ப்ளக்ஸ் என்ற தலைகீழ்ப் பிரமிடுக்குள் போய்விட்டது. மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் சேலத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். மே மாத வெயிலில் கீழே வெந்துகொண்டு, ராத்திரி ஏற்காட்டு மலை விளக்குகளை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கும்தான்.

பிள்ளைகளின் உண்மையான நாயகன் புஜ்ஜி. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம். கீர்த்தி சுரேஷ் குரலில் வாயடிக்கும் வண்டி. கணினியில் வரைந்த பொம்மை என்று நினைக்க வேண்டாம். மஹிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து நிஜமாகவே செய்த, சுமார் ஆறு டன் எடையுள்ள மின்வண்டி அது. கொங்கு மண்ணில் பிறந்த வண்டி என்று சொல்லிப் பாருங்கள், பையன் இன்னும் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவான். பிரபாஸின் பைரவா பாத்திரம்தான் சிக்கல். பரிசுத் தொகைக்காகக் கர்ப்பிணியைத் துரத்துகிறவன் நல்லவனா கெட்டவனா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

இழுவை முதல் பாதியில்தான். பைரவாவின் அறிமுகம், கௌரவத் தோற்றங்கள், காம்ப்ளக்ஸுக்குள் வரும் பாட்டு, எல்லாம் நட்சத்திர ரசிகர்களுக்கானவை. பாட்டைத் தள்ளிவிட்டால் கதைக்கு நஷ்டமில்லை. இரண்டாம் பாதியில், போராளிகள் ஒளிந்து வாழும் ஷம்பாலா மீதான தாக்குதலில் நல்லவர்கள் சிலர் சாகிறார்கள். மெல்லிய மனசுள்ள பிள்ளை என்றால் அந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய படத்தைப் பெரிய திரையில் பார்ப்பதுதானே முறை என்று கேட்கலாம். பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு வீடுதான் நல்லது, பிரைமில் தமிழிலேயே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஓடியதும் நிறுத்தி மீதியை மறுநாள் பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சுக்காக ஒலியைக் கூட்டுவீர்கள், அடுத்த வெடிச்சத்தத்தில் கைக்குழந்தை எழுந்துவிடும். தட்டுவடை செட்டும் நொறுக்கலும் நிறுத்திய பிறகுதான். கடிக்கிற சத்தத்தில் புஜ்ஜியின் நக்கல் பாதி காணாமல் போகும்.

கோடை விடுமுறைக்கு ஏற்காடு போய், இருட்டிய பிறகு அறைக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம் என்றால், கீழே சேலத்திலேயே படத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு ஏறுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது. காரில் போகும்போது பின் இருக்கையில் போட்டுக் கொடுக்கவே கூடாது: இருபது கொண்டை ஊசி வளைவும், கையில் திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே.

கணக்குப் பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கலியுகம் தொடங்கியதாக மரபில் சொல்லும் ஆண்டு கி.மு. 3102. அங்கிருந்து 2898 வரை ஆறாயிரம் ஆண்டு என்பது படத்தின் கணக்கு. பூஜ்ஜியம் என்று ஒரு ஆண்டு கிடையாது என்பதால் சரியான விடை 5999.

கடைசியாக ஒன்று. கதை இந்தப் படத்தில் முடிவதில்லை. பாப்பா பிறப்பதற்கு முன்பே, சண்டை உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த பாகத்துக்குத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி பத்தரை மணிக்கு "அப்புறம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.