பேசப் போவதா, கேட்கப் போவதா?

தொடர்பியல் படித்துவிட்டுப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: உடல்நலம் போன்றவற்றை மக்களிடம் எடுத்துச் சொல்லும் வளர்ச்சித் தொடர்பியல், மக்கள் நினைப்பதைக் கேட்டுப் பதியும் கருத்தாய்வு. இரண்டிலும் ஊர் ஊராக அலைய வேண்டும். ஆனால் முன்னதில் எதிரில் இருப்பவரின் மனம் மாறினால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு. பின்னதில் உங்களால் அது இம்மியளவு மாறினாலும் வேலை கெட்டது.

வளர்ச்சித் தொடர்பியலின் அருமைக்குப் போலியோ ஒழிப்பே சாட்சி. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தியால் பல வீடுகள் கதவடைத்தன. அமிதாப் பச்சனின் விளம்பரம் மட்டும் அங்கே போதவில்லை. யூனிசெஃப் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. இமாம்களும் எடுத்துச் சொன்னார்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானவர். இப்படியொரு வேலை வாய்த்தால் பாக்கியம். வாய்க்காவிட்டால் பயிலரங்கு நடத்திப் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்புவதிலேயே காலம் கழியும். நிதி தருபவரின் திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது.

கருத்தாய்வில் தப்பிக்க இடமில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் பல, பாஜக கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. எண்ணிக்கை கூடினால் துல்லியம் கூடும் என்பதும் இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓர் இதழ் இருபது லட்சத்துக்கும் அதிகமான விடைகளைத் திரட்டி லாண்டன் வெல்வார் என்றது, வென்றவர் ரூஸ்வெல்ட். யாரிடம் கேட்கிறோம், யார் எதிரில் வைத்துக் கேட்கிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. கணவர் பக்கத்தில் நின்றால் மனைவியின் விடை மாறும். டெல்லியின் லோக்நீதி என்ற தேர்தல் ஆய்வு அமைப்பினர் போலி வாக்குச்சீட்டும் பெட்டியும் கொண்டுபோவது இதற்காகவே. தேர்தல் இல்லாத காலத்தில் சோப்பும் பற்பசையும் பற்றிய சந்தை ஆய்வு சோறு போடும். அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதலில் கருத்தாய்வுக்குப் போகச் சொல்வேன். யாரிடம் கேட்பது என்று மாதிரி எடுப்பதும் வினாப்பட்டியல் அமைப்பதும் கைவந்துவிட்டால் பிறகு பிரசாரப் பணிக்கு மாறுவது எளிது. அங்கிருந்து புள்ளியியலுக்கு வருவது கடினம். எதிரில் இருப்பவர் தவறாகச் சொல்லும்போது திருத்தாமல் எழுதிக்கொள்ள முடியாதவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் நேரே முதல் வழிக்கே போகலாம்.