கனடாவில் இருந்து என்ன வரவேண்டும்: ரப்பா, கிண்டிலா, கைப்பட்டியா?

நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா கனடாவில் இருந்து வருகிறார். ரிக்கெற் போட்ட அன்றே போன் எடுத்துக் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன கொண்டுவர? ஒண்டு சொல்லு, நாலு சொல்லாதை." பிள்ளை என்றது எங்கள் சின்னண்ணாவின் மகளை. வவுனியாவில் வீடு; உயர்தர ரியூசனுக்காக இப்போது கொக்குவிலில் எங்களோடு இருக்கிறாள். அவள் கேட்டது நித்திரையை அளக்கிற கைப்பட்டி. ரப் (பெரிய தொடுதிரை உள்ள ரப்லெற்) வாங்கலாம் என்றது என் மனைவி. எனக்கு அமேசானின் மின்னூல் வாசிக்கும் கருவியான கிண்டிலில் ஆசை, அதுவும் உண்மையில் எனக்காகத்தான்.

இப்போது அவளிடம் இருப்பது ஒரு போன். விடிய நாலு மணிக்கு எழுப்புவதும் அதுதான், ஆசிரியர் அனுப்பும் நோட்ஸைக் காட்டுவதும் அதுதான், இரவு பன்னிரண்டு வரை நித்திரை கொள்ள விடாததும் அதுதான்.

முதலில் எழும்புகிற வேலை. போனில் அலாரம் வைத்தால் போன் தலைமாட்டில் கிடக்க வேண்டும். நாலு மணிக்கு அலாரத்தை நிறுத்தப் போகும் கை, அப்படியே வாட்ஸ்அப்பையும் திறந்துவிடும். நான் பார்த்த அளவில், நாலு மணிக்கு எழும்பிய பிள்ளை நாலே முக்காலுக்குத்தான் மேசைக்கு வரும். இதற்குப் போட்டியாக ரவுணில் ஒரு சின்ன மேசை மணிக்கூடு வாங்கினேன். ஒரு பென்ரோச் பற்றரி, பின்னால் திருகுகிற ஒரு திருகாணி, அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. முள் மணிக்கூட்டுக்குப் பன்னிரண்டு மணிநேரம்தான் தெரியும். விடிய நாலும் பின்னேரம் நாலும் அதற்கு ஒன்றே. முதல் நாள் அவள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் இரண்டரை மணிக்கு நாலில் வைத்துவிட்டு ரியூசனுக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு அது கத்தத் தொடங்க, பகல் நித்திரையில் இருந்த மாமி எழும்பி வந்து குசினி வரை தேடினார். படுக்கப் போகும்போதுதான் அலாரத்தை முடுக்கி விட வேண்டும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாக அடிக்கும், அதுவும் உண்மை. ஆனாலும் போன் இப்போது இரவில் விறாந்தையில் சார்ஜில் கிடக்கிறது. எழுப்புகிற வேலையில் மணிக்கூடு வென்றது. கனடாவில் இருந்து வரத் தேவையில்லாத சாமான்.

கைப்பட்டி பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, மூன்று மாதம் கட்டியிருந்தேன். உள்ளே அசைவை அறியும் ஓர் உணரியும், தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணும் இன்னொன்றும் இருக்கின்றன. எப்போது படுத்தோம், எப்போது எழும்பினோம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த நித்திரை இவ்வளவு, கனவு நித்திரை இவ்வளவு என்று நிறம் நிறமாகக் காட்டுவது கணிப்புத்தான். அதைச் சரியாக அளக்க ஆய்வுகூடத்தில் தலையில் வயர் ஒட்டி மூளை அலையைப் பதிய வேண்டும். ஒரு நாள் பின்னேரம் கரண்ட் போய், சாய்மனைக்கதிரையில் அசையாமல் கிடந்து ஒரு மணித்தியாலம் றேடியோ கேட்டேன். அடுத்த நாள் பார்த்தால், நான் ஏழே முக்காலுக்கே நித்திரையாம்!

இதைவிட எனக்குப் பயம் வேறு. நன்றாகத்தான் நித்திரை கொண்டேன் என்று எழும்புகிற ஆள், பட்டி 58 புள்ளி என்றதும் களைத்துப் போகிறார். நித்திரைப் புள்ளியைத் துரத்தித் துரத்தியே நித்திரையைக் கெடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு 2017இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் 'ஓர்தோசொம்னியா' என்று பெயரே வைத்தார்கள். பரீட்சைப் புள்ளிக்காக ஏற்கெனவே பயப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு புள்ளி எதற்கு? கையில் அதிர்ந்து எழுப்பும், பக்கத்தில் படுப்பவர் முழிக்கமாட்டார், அது ஒன்றுதான் நல்லது.

அப்புறம் வாசிப்பு. கிண்டிலின் திரை கடதாசி மாதிரி, முற்றத்து வெயிலிலும் தெரியும், ஒருமுறை ஏற்றினால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும். 2016 கடைசியில் அமேசான் அதற்குத் தமிழ் மின்னூல்களையும் கொண்டுவந்தது. நாவல் வாசிக்கிறவர்களுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. எங்கள் பிள்ளை வாசிப்பதோ கடந்தகால வினாத்தாள். ஏ4 தாளை ஸ்கான் செய்த பிடிஎஃப். ஆறு அங்குலத் திரையில் அதை வைத்தால் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும். பெருப்பித்தால் பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் திரை ஒருமுறை கறுத்து மின்னும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எங்கள் ஊர்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் காசில்லாமல் கிடக்கின்றன. ஆனால் அவையும் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்தவை, எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. இந்த இடத்தில் பத்து அங்குல ரப் வெல்கிறது. எனக்குக் கவலைதான், ஆனால் வெல்கிறது.

ஒரு விஷயத்தில் ரப்பும் போனும் ஒன்றாகவே தோற்கும். இங்கே பல ஆசிரியர்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள்; உள்ளே ஆங்கில எழுத்துகளே இருக்கும், அந்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். அந்த வேர்ட் கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எழுத்துரு இல்லாத கருவியில் திறக்கும்போது தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். கருவியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. "சேர், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ" என்று கேட்டால் சரி, எழுத்துரு கோப்போடு சேர்ந்தே வரும்.

ரப்பின் வெளிச்சம் நித்திரையைக் கெடுக்கும் என்று அண்ணி பயந்தார். 2014இல் வந்த ஓர் ஆய்வில், படுக்குமுன் நாலு மணித்தியாலம் வெளிச்சத் திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்தபோது இருந்ததைவிட நித்திரை வரச் சுமார் பத்து நிமிடம்தான் கூட எடுத்தது. அதில் இருந்தவர்களும் பன்னிரண்டு பேரே. எங்கள் வீட்டில் போவது பத்து நிமிடம் இல்லை, இரண்டு மணித்தியாலம். அது வெளிச்சத்தால் போவதில்லை, வீடியோவால் போகிறது. அதனால் சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள ரப். இரவு பத்துக்கு ரவுட்டரை நிறுத்துவது என் பொறுப்பு.

போட்டோக்கொப்பியையும் தள்ளிவிட முடியாது. நேரம் வைத்து வினாத்தாள் செய்யும்போது கடதாசியும் பேனையும்தான் வேண்டும், பரீட்சையும் அப்படித்தானே. மாரி தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திவைத்தார்கள். அப்படியான நாளில் ரப்பில் 12 வீதம் சார்ஜோடு இருப்பதைவிட, ரோச் வெளிச்சத்தில் ஒரு கட்டுக் கொப்பி மேல்.

அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: "ரப், பத்து அங்குலம், சிம் வேண்டாம். சார்ஜரில் 100 தொடக்கம் 240 வோல்ற் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. பிளக் ஊசி தட்டை எண்டால் பரவாயில்லை, மாத்திற அடப்ரர் இங்கை வாங்கலாம்."

"மணிக்கூடு ஒண்டும் கொண்டு வரட்டோ? இங்கை நல்ல வடிவானது இருக்கு."

"வேண்டாம். மாமி ஏற்கெனவே கோவத்திலை இருக்கிறா."