கிருஷ்ணகிரி வானத்துக்கு எது: 80 மி.மீ. ரிஃப்ராக்டரா, 150 மி.மீ. நியூட்டோனியனா?

கண்ணாலும் பார்க்க வேண்டும், கேமராவை மாட்டிப் படமும் எடுக்க வேண்டும் என்று தொலைநோக்கி தேடுகிறவர் பெரும்பாலும் இரண்டு குழாய்களுக்கு நடுவே வந்து நிற்பார். ஒன்று, 80 மி.மீ. விட்டமும் 560 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள, நிறம் பிரிந்து கசிவதைக் குறைக்கும் ஈடி கண்ணாடி லென்ஸ் கொண்ட ரிஃப்ராக்டர். மற்றொன்று, 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள நியூட்டோனியன். முன்னதில் ஒளியைக் குவிப்பது லென்ஸ், பின்னதில் குழியாடி. வானம் சுழலும் வேகத்தில் குழாயைத் திருப்பி நட்சத்திரத்தைப் பின்தொடரும் தாங்கியான எக்குவடோரியல் மவுண்ட், நடுத்தரமான ஒன்று, இரண்டையுமே தாங்கும். நான் வாங்கியது ரிஃப்ராக்டர். காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் வீட்டு மாடியிலும் மாந்தோப்பிலும் அதைத்தான் நிறுத்துகிறேன். நியூட்டோனியன் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து இருவரும் மாறி மாறிப் பார்த்திருக்கிறோம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு படமும் எடுக்க நினைப்பவர் ரிஃப்ராக்டரை வாங்குவதே நல்லது என்பது என் முடிவு.

ஒளி சேர்ப்பதில் நியூட்டோனியனுடன் இதைப் போட்டிக்கு நிறுத்தவே முடியாது. பரப்பைக் கணக்கிட்டால் 150 மி.மீ. ஆடி மூன்றரை மடங்கு பெரியது. நடுவில் நிற்கும் துணை ஆடி மறைப்பதையும், ஆடிகள் விழுங்கும் ஒளியையும் கழித்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் மிஞ்சும். சித்திரை மாத இரவில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைப் பாருங்கள்: நியூட்டோனியனில் நடுப்பகுதி வரை தனித்தனிப் புள்ளிகளாக உடையும், என் குழாயில் அது ஓரம் மட்டும் பொடிப்பொடியான பஞ்சு உருண்டை. கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் விட்டமும் ஆடியில்தான் அதிகம்.

பெரிய ஆய்வுக்கூடங்களும் ஆடிக்கே போய்விட்டன. லென்ஸை விளிம்பில் மட்டுமே பிடிக்க முடியும். பெரிதாக ஆக அது தன் எடையிலேயே வளையும். 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வுக்கூடத்தில் நிறுவிய 102 செ.மீ. லென்ஸோடு அந்த வழி ஏறக்குறைய முடிந்தது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியும் 2.34 மீட்டர் ஆடிதான். ஆனால் காவலூரில் ஆடிக்குப் புதிதாக அலுமினியம் பூசும் வெற்றிடக் கலனும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. என் தேர்வைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான்.

இது கிரானைட் பூமி. வேப்பனப்பள்ளி, பர்கூர்ப் பக்கமெல்லாம் குவாரிகளும் கல் அறுக்கும் பட்டறைகளும். சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள். மாசி முதல் சித்திரை வரை வானம் நன்றாகத் திறந்திருக்கும் மாதங்களில்தான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாம்பல் நிறப் பொடி படிகிறது. கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு. தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரையை ஒட்டியே நிற்கிறது. ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்தப் பொடியோடு துணியை வைத்து ஒருமுறை தேய்த்தால் போதும், கீறல் நிரந்தரமாகிவிடும்.

நியூட்டோனியனின் வாய் திறந்தே இருக்கும். விழுவது நேராக அடியிலுள்ள ஆடிக்குப் போகும். மெல்லிய தூசியால் படம் கெட்டுவிடாது, அவசரப்படவும் வேண்டாம். ஆனால் ஒருநாள் கழுவியே ஆக வேண்டும். ஆடியைத் தாங்கியோடு கழற்றி, ஓடும் நீரில் பொடியைப் போக்கி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் பஞ்சை அழுத்தாமல் இழுத்து, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலச வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரால் முடித்தால் காய்ந்த இடமெல்லாம் உப்புத் திட்டு நிற்கும். பிறகு மாட்டி, இரண்டு ஆடிகளையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவரும் கோலிமேஷன் வேலை. குவியத் தொலைவு விட்டத்தைப்போல் ஐந்து மடங்கே உள்ள இந்தக் குழாயில் சிறு பிசகும் படத்தின் மூலையில் வால் முளைத்த நட்சத்திரங்களாகத் தெரியும். பைக்கில் கட்டிக்கொண்டு மண்சாலையில் போய்வந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். பூச்சு மங்கிவிட்டால் ஆடியைப் பெட்டியில் வைத்து வெளியூர் அனுப்ப வேண்டும். திரும்பி வரும்வரை குழாய் சும்மா கிடக்கும். நண்பர் இவற்றையெல்லாம் பொறுமையாகச் செய்கிறார், விரும்பியும் செய்கிறார். எனக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ரிஃப்ராக்டரில் குழாய் மூடியிருக்கிறது. தூசி படிவது முன் லென்ஸின் வெளி முகத்தில் மட்டும். அதையும் முன்னால் நீண்டிருக்கும் பனிக்கவசம் பாதி தடுக்கிறது. ரப்பர் ஊதியால் ஊதி, மிஞ்சியதை மென்மையான தூரிகையால் தள்ளினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. லென்ஸ்களின் அச்சு தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டு வருகிறது. அந்தக் கூட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். இடைவெளி சற்று மாறினாலும் வீட்டில் சரிசெய்ய முடியாது.

படமெடுக்கும்போதும் இது சாதுவான குழாய். கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த நியூட்டோனியன்கள் சிலவற்றில் குவியம் குழாய்க்கு மிக அருகில் விழுவதால் டிஎஸ்எல்ஆர் கேமரா அதை எட்டாது. வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிஃப்ராக்டரில் இடம் தாராளம். பார்வையைத் திருப்பும் டயகனலைக் கழற்றிவிட்டு, நீட்டிப்புக் குழாயோடு கேமராவை மாட்டினால் போதும். படத்தின் ஓரம் கூர்மையாக வர ரிஃப்ராக்டருக்கு ஃபீல்டு ஃபிளாட்டனர் என்ற துணை லென்ஸ் தேவை, நியூட்டோனியனுக்குக் கோமா திருத்தி என்ற துணை லென்ஸ் தேவை. பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 560 மி.மீ. குழாய் சுமார் 2.4 பாகைக்கு 1.6 பாகை வானத்தைப் பிடிக்கும். ஓரியன் நெபுலா தாராளமாக அடங்கும். கார்த்திகைக் கூட்டம் அளவாகப் பொருந்தும். ஆண்ட்ரோமெடா அண்டத்தின் ஓரங்கள் வெட்டுப்படும்.

மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். அதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கிருஷ்ணகிரியின் அட்சரேகை 12.5 பாகை, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். ஒரு மாமரமோ கரடோ மறைக்கப் போதும். எங்கள் பக்கத்தில் வடமேற்கே ஓசூர், பெங்களூரு வெளிச்சம் அந்த அடிவானத்தையும் வெளுக்க வைக்கிறது. அச்சு இவ்வளவு தாழ்ந்திருப்பதால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும் மவுண்ட்களும் உண்டு. இவ்வளவு தாழ்வான அட்சரேகைக்கு இறங்குமா என்று கேட்காமல் மவுண்ட் வாங்காதீர்கள். துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில், வானத்தின் மூன்று பகுதிகளைப் படமெடுத்து அச்சின் பிழையைக் கணக்கிடும் மென்பொருள் கைகொடுக்கிறது. அச்சில் மிஞ்சும் சிறு பிழை 750 மி.மீ. குழாயைவிட 560 மி.மீ. குழாயில் குறைவாகவே உறுத்தும். குறைந்த எடையும் காற்றில் ஆடாத சிறிய உடலும் அதற்கு மேல் லாபம்.

இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையால் ஆதாயமும் உண்டு. ஐரோப்பியர் பலர் தம் ஊரில் காணவே முடியாத கரினா நெபுலா நமக்குத் தெற்கே சுமார் 18 பாகை உயரம் வருகிறது. தனுசுப் பக்கத்து லகூன் நெபுலா 50 பாகையைத் தாண்டுகிறது. இவை அகலமானவை, சிறிய குழாய்க்கு ஏற்றவை.

ரிஃப்ராக்டரிலும் குறைகள் உண்டு. அகன்ற நெபுலாக்களை நியூட்டோனியன் குறைந்த நேரத்தில் பதிவுசெய்துவிடும். மார்கழி, தைப் பனியில் முதலில் நனைவது ரிஃப்ராக்டரின் முன் லென்ஸ். பனிக்கவசம் மட்டும் போதாமல் சூடேற்றும் பட்டையும் கட்டுகிறேன். ஐப்பசி மழையில் பூஞ்சை பயமும் உண்டு. ஈரம் உலராமல் மூடி போடுவதில்லை, பெட்டியில் சிலிக்கா ஜெல் வைக்கிறேன். இதுவரை கெடுதலில்லை, ஆனால் பல மழைக்காலம் கண்ட லென்ஸைப் பற்றிப் பேசும் அளவுக்கு என்னுடையது பழையதல்ல. கோள்களைப் படமெடுப்பதிலும் என் பழக்கம் குறைவு. பார்த்தவரை வியாழனின் பட்டைகளில் நண்பரின் குழாய் அதிக நுணுக்கம் காட்டுகிறது.

விலையைப் பார்த்து ஈடி அல்லாத சாதாரண அக்ரோமாட் ரிஃப்ராக்டருக்கு இறங்க வேண்டாம். வெள்ளியைச் சுற்றியும் நிலாவின் விளிம்பிலும் ஊதா நிறம் கசியும். கண் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது.

படமெடுக்கும் எண்ணமே இல்லாமல், பென்னாகரம் போன்ற இருட்டு கிடைக்கும் இடத்தில் குவாரிகளுக்குத் தள்ளி வீடு இருந்தால், நான் சொன்னதை விட்டுவிட்டு நியூட்டோனியனையே வாங்குங்கள். மற்றவர்கள் 80 மி.மீ. குழாயை எடுத்து, மிஞ்சும் பணத்தைக் கண்ணருகே மாட்டும் ஐபீஸ் லென்ஸ்களில் போடாமல் ஒரு படி மேலான மவுண்டில் போடுங்கள்.