கொரியா போகிறவர்களுக்கு: ‘அன்லிமிடெட்’ இ-சிம் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

நம் ஊரிலிருந்து தென் கொரியா போகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கொரிய சீரியல் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கிளப்பிவிடுவது ஒரு பக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரியக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சிக்குப் போய்வருவது இன்னொரு பக்கம். இவர்களைக் குறிவைத்துச் சில டிராவல் ஏஜென்ட்கள் ‘கொரியா கிட்’ என்று ஒன்றை விற்கிறார்கள். இ-சிம் (கார்டு இல்லாமல், கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் போனில் ஏற்றுகிற சிம்), ‘நேவிகேஷன் பேக்’, ஒரு பிளக் அடாப்டர். அடாப்டர் நன்றாக வேலை செய்தது. மற்ற இரண்டையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

2024 அக்டோபரில் நான், மனைவி, மகள், மாமியார் நால்வரும் சியோல் போனோம். டிக்கெட், விசா வேலையெல்லாம் ஏஜென்ட் ஒழுங்காகவே முடித்துக் கொடுத்தார். கடைசியில்தான் சிம் பேச்சு வந்தது. “சார், ஃபுல் அன்லிமிடெட். கொரியா நம்பரோட வரும். கூகுள் மேப்பைப் போட்டீங்கன்னா ரூம் வாசல்ல கொண்டுபோய் விட்டுடும்” என்றார். இ-சிம் ஒன்று 2,900 ரூபாய். எனக்கொன்று, மனைவிக்கொன்று. நேவிகேஷன் பேக் 499. மொத்தம் 6,299 ரூபாய். பேசியதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். பின்னால் கைகொடுத்தது அந்த ஒரு செய்திதான்.

முதல் அடி இஞ்சியோன் விமான நிலையத்திலேயே விழுந்தது. மனைவியின் போனில் இ-சிம் வசதியே கிடையாது. போனில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீளமான எண்ணும் வர வேண்டும். அது வந்தால்தான் இ-சிம் ஏறும். கடையில் உட்கார்ந்தே பத்து வினாடியில் பார்த்துவிடலாம். இதையே தொழிலாகச் செய்கிறவர் போனை வாங்கிப் பார்க்காமல் கியூஆர் கோடை விற்றுவிட்டார். 2,900 ரூபாய் அங்கேயே போயிற்று.

என் போனில் ஏறியது. ஆனால் வந்தது வெறும் டேட்டா. கொரிய நம்பர் என்று எதுவும் இல்லை, ஒரு கால்கூடப் பண்ண முடியாது. சரி, நெட் இருக்கிறதே என்று விமான நிலைய ரயிலில் ஏறினோம். எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டி அது, ஒரு மணி நேரத்துக்குள் ஹோங்டே பகுதியில் இருக்கிற ஹோங்கிக் பல்கலைக்கழக நிலையத்தில் இறக்கிவிடும். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மகள் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தாள். நான் எடுத்த படங்கள் தானாக கூகுள் போட்டோஸில் ஏறிக்கொண்டிருந்தன. அன்லிமிடெட் அல்லவா.

நிலையத்தின் 3-ஆம் வாசல் வழியே மேலே வந்தபோது இரவு பத்து மணி தாண்டியிருந்தது. மேப்பைத் திறந்தால் வெறும் சாம்பல் கட்டங்கள். கீழே தெருப் பெயர்கள் ஒவ்வொன்றாக, அதுவும் பாதி பாதியாக, வந்து நின்றன. ஒரு மெசேஜ் வந்திருந்தது: இன்றைய 1 ஜிபி முடிந்தது, இனி 128 கேபிபிஎஸ் வேகம். அந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் ‘சேர்ந்துவிட்டோம்’ என்று எழுதி அனுப்பலாம். மேப் லேசில் வராது. ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ போர்டு மாட்டிவிட்டு, இரண்டாம் தடவை சோறு கேட்டால் ஒரு கரண்டி வைக்கிற மெஸ் கணக்குத்தான்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘ஒரு நாளைக்கு 1 ஜிபி’ என்றால் எந்த நாள்? அந்த பிளானில் நாள் மாறுவது கொரிய நள்ளிரவில் இல்லை, யுடிசி என்கிற உலகப் பொது நேரப்படி நள்ளிரவில். கொரியா யுடிசியைவிட ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதாவது, ராத்திரி தீர்ந்துபோனால் மறுநாள் காலை ஒன்பது மணிவரை அவ்வளவுதான். ஊர் சுற்றிவிட்டு இருட்டில் ரூம் தேடும் நேரத்தில்தான் மேப் வேண்டும். அந்த நேரத்தில்தான் அது படுத்துக்கொள்ளும்.

ஒருவழியாக மேப் வந்ததும் அடுத்த கூத்து. நடந்து போகும் வழியைக் கேட்டேன். வழி கிடைக்கவில்லை என்றது. கார் வழியும் அதே கதை. பஸ், ரயில் வழி மட்டும் காட்டியது. அதில்கூட நிலையத்திலிருந்து விடுதிவரை புள்ளி வைத்த ஒரு நேர்கோடு, நான்கைந்து கட்டடங்களின் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

சிம் கோளாறு என்றுதான் நினைத்தேன். இல்லையாம். தென் கொரியாவில் கூகுள் மேப் நடைவழியும் கார் வழியும் காட்டாது என்பது அப்போதே பல வருஷமாகப் பயணிகள் அறிந்திருந்த விஷயம். 1:5000 அளவுகோலில் உள்ள துல்லியமான வரைபடத் தரவை அரசு அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அந்த நாட்டுச் சட்டம் விடுவதில்லை. வட கொரியாவோடு 1953-ல் போர்நிறுத்த ஒப்பந்தம்தான் ஆனதே தவிர, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ராணுவ இடங்கள் வெளியே தெரியக் கூடாது என்பது அரசின் கவலை. கூகுள் கேட்டு 2016 நவம்பரில் மறுத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் கூகுள் மறுபடி விண்ணப்பித்தது. அரசும் கூகுளும் எப்படி வேண்டுமானாலும் மல்லுக்கட்டியிருக்கட்டும். கொரியா டூரை வைத்தே பிழைக்கிற ஏஜென்ட் ‘கூகுள் மேப் வாசலில் விடும்’ என்று சொல்லி டேட்டா விற்றது எந்த ஊர் நியாயம்?

499 ரூபாய் நேவிகேஷன் பேக்கை அப்போதுதான் திறந்தேன். சியோல் மெட்ரோ வரைபடம், பிடிஎஃப் ஆக. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இன்னொரு பக்கத்தில் ‘கூகுள் மேப்பில் சியோலை ஆஃப்லைனாக டவுன்லோடு செய்துகொள்ளவும்’ என்று ஆலோசனை. அந்த வசதியும் தென் கொரியாவுக்கு அப்போது கிடையாது. எழுதியவர் ஒருமுறைகூட முயன்று பார்க்கவில்லை.

மாமியாருக்கு முட்டிவலி. நான்கு பெட்டிகள். குளிர் வேறு. அப்போது ஒரு ஆள் “டாக்சி, டாக்சி” என்று பக்கத்தில் வந்தான். கறுப்பு நிறப் பெரிய வேன். விடுதி வவுச்சரைக் காட்டினேன். அதில் விடுதியின் தொலைபேசி எண்ணைப் பார்த்து, அதைத் தன் வண்டியின் நேவிகேஷனில் அழுத்தினான், சட்டென்று இடம் வந்துவிட்டது. முகவரியே தேவைப்படவில்லை. இடம் தெரிந்தும் சுற்றினான். ஒரே காபிக் கடையின் போர்டை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் மகள், “அப்பா, இங்க ஏற்கெனவே வந்தோம்” என்றாள். இறங்கும்போது கால்குலேட்டரில் 40,000 என்று அடித்துக் காட்டினான். நம் காசுக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய். மீட்டர் இல்லை, ரசீது இல்லை. பெட்டிகள் அவன் வண்டிக்குள். கொடுத்தோம்.

விடுதி வரவேற்பில் இருந்த பையன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். சியோலில் சாதாரண டாக்சிக்கு முதல் 1.6 கிலோமீட்டருக்கு 4,800 வோன், இது 2023 பிப்ரவரி முதல் உள்ள கட்டணம். இரவு பத்திலிருந்து பதினொன்றுவரை 20 சதவீதம் கூடுதல், பதினொன்றிலிருந்து இரண்டுவரை 40 சதவீதம். ஆக, நாங்கள் கொடுத்திருக்க வேண்டியது ஆறாயிரம் வோனுக்குள். எங்களை ஏற்றியது ‘கால் வேன்’ (போன் பண்ணிக் கூப்பிடுகிற வேன்) என்றான். சட்டப்படி அது சரக்கு வண்டி, கனமான சுமையோடு வருகிற ஆளைச் சேர்த்து ஏற்றலாம், அவ்வளவுதான். டாக்சி மாதிரி வேஷம் போட்டு வெளிநாட்டுக்காரர்களிடம் கறப்பதற்கு அங்கே பேர்போனது. நிஜ டாக்சி என்றால் கூரையில் விளக்கும் உள்ளே மீட்டரும் இருக்கும்.

மறுநாள் காலை அந்தப் பையனே 1330-க்கு அடித்துப் பேசினான். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் அது, இருபத்துநான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். டாக்சி புகாருக்குச் சியோல் நகராட்சியின் 120 எண்ணும் உண்டு. ஆனால் வண்டி எண் இல்லாமல் எதுவும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்துவையுங்கள். படம் எடுப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

அந்த விடுதிப் பையன்தான் என் போனில் நேவர் மேப் என்ற கொரிய மேப் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். ஆங்கிலத்திலும் வேலை செய்யும். காகாவோ மேப் என்று இன்னொன்றும் இருக்கிறது. கொரியாக்காரர்கள் இந்த இரண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் இலவசம். நேவர் மேப்பை வைத்துக்கொண்ட பிறகு மீதிப் பயணத்தில் ஒரு தடவையும் வழி தவறவில்லை. நிலையத்தின் எந்த வாசல் வழியே மேலே ஏற வேண்டும், பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதோடு, வண்டி மாறும்போது கிட்டே இறங்க ரயிலின் எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது கதவு என்பதுவரை சொல்கிறது. சியோல் மெட்ரோவில் வாசல் எண்தான் பாதி முகவரி. வேறு வாசலில் ஏறிவிட்டால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் நிற்போம், கீழே ஜிபிஎஸும் கிடைக்காது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த கொஞ்ச நேரத்துக்கு அந்த நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிக்கொண்டிருக்கும். உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் வருவது அது. நான்கு அடி நடந்தபின் நம்புங்கள்.

முகவரி விஷயத்தில் கவனம். கொரியாவில் 2014 முதல் தெருப் பெயரை வைத்த புது முகவரிதான் அதிகாரபூர்வம். அதற்கு முன் மனை எண்ணை வைத்த பழைய முறை. எங்கள் வவுச்சரில் ஏஜென்ட் அச்சடித்திருந்தது பழையது, அதையும் ஆங்கில எழுத்தில். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள், தேடினால் எங்கெங்கோ போய் நிற்கும். விடுதிக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பி, கொரிய எழுத்தில் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி, ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை நேவர் மேப்பில் போட்டாலே இடம் வரும், அந்த வேன்காரன் செய்தது போல.

இன்னொன்று, ஏஜென்ட்கள் சொல்லாதது: ஜிபிஎஸுக்கு நெட் தேவையே இல்லை. போன் செயற்கைக்கோள் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்கிறது. நெட் வேண்டியது வரைபடத்துக்கு. அந்த வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கிவிட்டால் சிம் செத்தாலும் வழி தெரியும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பில் தென் கொரியா முழுவதையும் இறக்கலாம், நடைவழியும் காட்டும். புதுக் கடைகள் எல்லாம் அதில் இருக்காது, தெருக்கள் இருக்கும். (சீனா போகிறவர்கள் பாடு வேறு. கூகுளே அங்கே முடக்கம். அந்த நாட்டு வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி முறையில் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை, வெளியூர் மேப்பில் பார்த்தால் நாம் நிற்கிற இடம் சில நூறு மீட்டர் தள்ளித் தெரியலாம்.)

சிம் விற்பவரிடம் வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். முழு வேகத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு, தீர்ந்தால் என்ன வேகம், நாள் எந்த நேரப்படி மாறும், ஹாட்ஸ்பாட் போடலாமா, உள்ளூர் நம்பர் உண்டா. பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இஞ்சியோன் விமான நிலையத்திலேயே எஸ்கே டெலிகாம், கேடி, எல்ஜி யூபிளஸ் என்ற மூன்று கொரிய போன் கம்பெனிகளுக்கும் கவுன்டர் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் நம்பரோடு சிம் கிடைக்கும். ஊர் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். பாங்க் ஓடிபி வர அது போனில் இருக்க வேண்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ஊபர் ஆப் சியோலிலும் வேலை செய்யும், வருவது மீட்டர் டாக்சிதான்.

ஊர் திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஸ்கேன் பண்ணியாச்சுன்னா ரீஃபண்ட் வராது சார், கம்பெனி பாலிசி.” மனைவியின் கோடு ஸ்கேனே ஆகவில்லையே என்றேன். “கோடு ஜெனரேட் ஆயிடுச்சே சார்.” ‘அன்லிமிடெட்’ பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது பாருங்கள் என்றார். பில்லில் நட்சத்திரம் இருந்தது உண்மை. அதன் விளக்கம் பில்லின் எந்த மூலையிலும் இல்லை. அடுத்த டூரில் 1,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகப் பெரிய மனசு பண்ணினார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ‘ஃபுல் அன்லிமிடெட், கொரியா நம்பரோட’ என்று அவரே எழுதிய செய்தி, பில், வேகம் குறைந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்தேன். கார்டில் கட்டியிருந்ததால் பாங்கிலும் டிஸ்ப்யூட் போட்டேன். அதன் பிறகு ஏஜென்ட்டின் குரலே மாறியது. இரண்டு இ-சிம் காசும் திரும்பி வந்தது. 499 மட்டும் வரவில்லை. “பிடிஎஃப் டெலிவர் ஆயிடுச்சே சார்” என்கிறார்.

இதற்குப் போய் அலைவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். மனு தயாராக இருக்கிறது. இதே பிடிஎஃபை வேறு யாராவது காசு கொடுத்து வாங்கியிருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.