ஸ்டியரிங் டேம்பர் போட்டு ஆறு மாசம், சுங்கை சிப்புட்லேர்ந்து

நம்ம ஏரியாவுல ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின் பைக்கு வச்சிருக்கவங்க நெறைய பேரு கேக்குறாங்க, டேம்பர், அதாவது ஹேண்டல் டக்குனு ஆடாம பிடிச்சு வைக்கிற சாமான், தேவையா இல்லையான்னு. நான் ஸ்காட்ஸ் ரோட்டரி டேம்பர்தான் போட்டேன், பிராக்கெட்டோட ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல ஆச்சு, சும்மா வாங்குற காசு இல்ல.

செம்பனைத் தோட்டத்துக்குள்ள போற கிராவல் ரோடு தெரியும்ல, லோரி ஓடி ஓடி கோடு விழுந்திருக்கும், 21 இஞ்ச் முன் டயரு அந்தக் கோட்டுல மாட்டினா ஹேண்டல கையிலேர்ந்து பிடுங்கும், டேம்பர் போட்டப்புறம் அந்த வெட்டு பாதியா கொறஞ்சிருச்சு, உள்ள ஆயில் சின்ன ஓட்டை வழியா போறதால மெதுவா திருப்பினா லேசா இருக்கும், டக்குனு ஆடுனாத்தான் இறுக்கிப் பிடிக்கும். சாயங்காலம் தோள்பட்டை வலிக்கல, எனக்கு அதுவே பெருசு.

கிரிக் ஜெலி ஹைவேல மூணு பெட்டியோட போனப்ப தார் ரோட்டுல பெருசா வித்தியாசம் தெரியல. ரொம்ப இறுக்கி வச்சா டவுன்ல மெதுவா போறப்ப பைக்கு நெளியும், அதனால வீடுங்க இருக்குற தாமான்குள்ள வந்தா டேம்பர் திருகுல நாலு கிளிக் லூஸ் பண்ணிருவேன்.

ஒண்ணு சொல்றேன் அண்ணே, ஹேண்டல் ஆட்டம் இருந்தா மொதல்ல ஹெட் பேரிங் (ஹேண்டல் திரும்புற எடத்துல இருக்குற பேரிங்), டயர் காத்து, பின்னாடி பெட்டி வெயிட்டு பாருங்க. பேரிங் போன பைக்குல டேம்பர் போட்டா நோய மறைக்கிறதுதான், ஆபத்து. தார் ரோடு மட்டும் ஓட்டுறவங்க அந்தக் காசுக்கு நல்ல டயரு போடுங்க, தோட்டத்து ரோட்டுல அடிக்கடி ஓட்டுறவங்க தாராளமா வாங்கலாம்.