‘முதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க சார்’ என்றால், கடையை விட்டு இறங்கிவிடுங்கள்

போன் பேட்டரி மாற்றப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1,450 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை.

எனக்கு வேலூரில் மருந்து ரெப் வேலை. காலையில் பைக்கை எடுத்தால் காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று சுற்றிவிட்டு வீடு சேர ராத்திரி எட்டாகிவிடும். போன் நாள் முழுக்க ஹேண்டில்பார் ஸ்டாண்டில்தான். மேப் ஓடும், பைக்கிலேயே சார்ஜும் ஏறும், மேலே வேலூர் வெயில். ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் செருகிவிட்டுத் தூங்கிவிடுவேன். இரண்டே வருடத்தில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைய ஆரம்பித்தது. அந்தப் பேட்டரியைக் கொன்றது நான்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஏமாந்தது அதற்கு அப்புறம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் 1,800 கேட்டார்கள், போனை ஒரு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் போன் இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், “அரை மணி நேரம் சார், பக்கா ஒரிஜினல், மூணு மாசம் வாரண்டி” என்றார்கள். 350 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. பில் கேட்டேன். “பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும் சார்” என்று சொல்லி, விசிட்டிங் கார்டு பின்னால் தேதியையும் ‘3 மாதம்’ என்பதையும் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிப் பர்ஸில் வைத்தேன் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து, ‘5000 எம்ஏஎச்’ என்று காட்டினார். பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கான அளவு அது. நானும் திருப்தியாகத் தலையாட்டினேன். இந்த மாதிரி ஆப் பலவும் போன் மாடலைப் பார்த்து, கம்பெனி அதற்குக் குறித்து வைத்திருக்கும் எண்ணைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் பேட்டரியை அளந்து சொல்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே செங்கல்லை வைத்திருந்தாலும் 5000தான்.

கிளம்பும்போதுதான் அந்த அறிவுரை. “முதல்ல எட்டு மணி நேரம் எடுக்காம சார்ஜ் போடுங்க. அப்புறம் சுத்தமா ஜீரோ ஆனதும்தான் மறுபடி போடணும். நடுவுல நடுவுல போட்டீங்கன்னா பேட்டரி போயிடும், அப்புறம் வாரண்டி கிடையாது.” பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு இது. இன்றைக்குப் போனில் இருப்பது லித்தியம் அயான். 1991லேயே சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு எட்டு மணி நேரமும் வேண்டாம், ஜீரோவும் வேண்டாம். நிறைந்ததும் போனே ஏற்றுவதை நிறுத்திவிடும். மீதி நேரமெல்லாம் பேட்டரி நூறிலேயே, உச்ச வோல்டேஜில் உட்கார்ந்திருக்கும். அதுவும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவதும் அதற்கு ஆகாது.

கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாராலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடியாத விதி அது. நாளைக்குப் போய் நின்றால், “எட்டு மணி நேரம் போட்டீங்களா?” என்று ஒரே கேள்வியில் பழி நம் தலையில்.

முதல் வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். 20லிருந்து 80க்கு ஏற முன்பு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இப்போது அதே சார்ஜரில் ஐம்பது நிமிடம். புது பேட்டரி என்ன வேகம் என்று வீட்டில் பெருமை வேறு. சின்னக் குடம் சீக்கிரம் நிறையும் என்று மண்டையில் ஏறவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கே போன் படுத்தபோதுதான் உறைத்தது. அக்யூபேட்டரி ஆப்பைப் போட்டேன். இது சார்ஜ் ஏற ஏற உள்ளே போகும் மின்சாரத்தைக் கணக்குப் பண்ணும். நாலைந்து தடவை ஏற்றிப் பார்த்ததில் 2,400 சொச்சத்தைத் தாண்டவில்லை.

ஐந்தாவது வாரம் பின்பக்க மூடி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி நிற்பதுதான் அந்த உப்பல். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. போனை அணைத்து எடுத்துக்கொண்டு தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவரிடம் ஓடினேன்.

பாய் மெதுவாகக் கழற்றினார். கையில் வைத்துப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். “உங்ககிட்ட பழசு இருக்கா?” கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்த பழைய பேட்டரி பைக் பெட்டியிலேயே கிடந்தது (வெயிலில் அதை அங்கே வைத்ததற்குத் தனியாக ஒரு திட்டு வாங்கினேன்). பக்கத்து வெள்ளிப் பட்டறையிலிருந்து டிஜிட்டல் தராசு வந்தது. பழசு 66 கிராம். புதுசு 39. இரண்டின் ஸ்டிக்கரிலும் 5000 என்றுதான் அச்சு. உப்பியதில் ஆள் பருத்திருந்ததே தவிர, சரக்கு இல்லை.

ஸ்டிக்கரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் இருந்தது. அதன் பக்கத்தில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் ஒன்று இருக்கும். இந்தியாவில் விற்கும் போன் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரத்தில் அந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டால் யாருடையது, எந்தப் பொருள் என்று வந்துவிடும். பாய் போட்டுப் பார்த்தார். வந்தது வேறு ஏதோ கம்பெனியின் சார்ஜர். மாட்டுவதற்கு முன்னால் கடையிலேயே இதைப் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை.

பாயிடம் பில்லோடு 1,600க்கு வேறு பேட்டரி போட்டேன். எப்படிச் சார்ஜ் போட வேண்டும் என்று கேட்டதற்கு, “சூடு ஆகாம பாத்துக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். 35 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரி நிரந்தரமாகக் கெடலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை மாதம் எங்கள் ஊரில் நிழலே அதைத் தாண்டும். அதனால் இப்போது பைக்கில் சார்ஜ் போடுவதில்லை. மேப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு போனைப் பையில் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஃபேனுக்கு அடியில், கவரைக் கழற்றி, கொஞ்ச நேரம் செருகுகிறேன். நடுவில் நடுவில் போட்டால் கெட்டுவிடும் என்ற பயம் போய்விட்டது. காலையில் 60, மத்தியானம் 40 என்று ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஒரே ஒரு முழுச் சார்ஜ் கணக்குதான். 80ல் நிறுத்தும் வசதி என் போன் செட்டிங்கிலேயே இருந்திருக்கிறது, இரண்டு வருடமாக நான்தான் திறந்து பார்க்கவில்லை. வெளியூர் போகும் நாளில் மட்டும் நூறு வரை விடுகிறேன்.

பழைய கடைக்கும் போனேன். எதிர்பார்த்த கேள்விதான்: “ஜீரோ ஆனதும் போட்டீங்களா சார்? நைட்டு போட்டீங்களா?” தராசு போட்டோ இரண்டையும் காட்டினேன். “கம்பெனியில இருந்து அப்படித்தான் சார் வருது” என்றார். விசிட்டிங் கார்டைப் பார்த்து, “இது எங்க கையெழுத்தே இல்ல” என்றும் சொல்லிப் பார்த்தார். என்னிடம் இருந்த ஒரே பிடி ஜிபேயில் கட்டிய ரசீது. கடைக்கு வெளியே நின்று நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு, கடைப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும் உள்ளே இருந்து ஒரு பையன் ஓடிவந்தான்.

முழுப் பணம் கிடைக்கவில்லை. 700 ரூபாய் ஜிபேயில் வந்தது. எதற்கு என்ற இடத்தில், ‘சார்ஜர் ரிட்டர்ன்’ என்று போட்டிருந்தார்.